ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சல்: மூலத்தைக் கண்டுபிடித்துக் குறைக்கும் வழி

மணிக்கு 60, 65 கிலோமீட்டரைத் தாண்டியதும் இன்ஜின் சத்தம் பின்னுக்குப் போய்விடும். அதற்கு மேல் காதில் விழுவது பெரும்பாலும் காற்றுதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுக்குள்ளேயே 95, 100 டெசிபல் இரைச்சல் இருப்பது சாதாரணம். பணியிடங்களுக்கு அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் வகுத்த வரம்பு, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இந்த நேரம் பாதியாகும். 94-க்கு 1 மணி நேரம்; 100-க்கு வெறும் 15 நிமிடம். நீண்ட பயணம் முடித்து இறங்கியதும் காதில் ‘ங்ஙொய்’ என்று ஒலிப்பது இந்த வரம்பைத் தாண்டியதால்தான். அந்த ஒலி மறுநாள் நின்றுவிடலாம். ஆனால் உள்காதின் மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இரைச்சல் தாங்கவில்லை என்றதும் பலரும் செய்வது, விலை கூடிய ஹெல்மெட் வாங்குவது. பல சமயம் அது வீண் செலவு. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் அடியைத் தாங்குவதற்கானது; ஒலியைத் தடுப்பது அதன் வேலை அல்ல. தவிர, தலையை வந்து மோதும் காற்று ஏற்கெனவே வண்டியின் முன்கண்ணாடியில் பட்டுக் கலங்கி வந்தால், எந்த ஹெல்மெட்டும் அமைதியாக இருக்காது.

முதல் வேலை: இயர்பிளக்

மற்ற எல்லாத் திருத்தங்களும் சேர்ந்து குறைப்பது சில டெசிபல்கள்தான். சரியாகச் செருகிய ஃபோம் இயர்பிளக் ஒன்றே 15 முதல் 25 டெசிபல் வரை குறைக்கும். பெட்டியில் 33 அல்லது 37 என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஆய்வுக்கூட அளவு. சாலையில் அவ்வளவு கிடைக்காது. அரைகுறையாகச் செருகினால் பாதி கூடக் கிடைக்காது.

செருகும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு, பிளக்கை விரல்களுக்கு இடையே உருட்டிச் சுருக்கம் விழாத மெல்லிய உருளையாக்குங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் காதுக்குழாய் நேராகும். பிளக்கை உள்ளே தள்ளி, அது விரியும் வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பிளக் காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தெரியக்கூடாது. இன்னொரு சோதனை: இரு உள்ளங்கைகளாலும் காதுகளை மூடித் திறந்து பாருங்கள். மூடினாலும் திறந்தாலும் சுற்றுப்புறச் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உறிஞ்சு விசை செவிப்பறையை வலிக்கச் செய்யும்.

“ஹாரன் கேட்காமல் போய்விடுமே” என்ற பயம் பலருக்கு உண்டு. பிளக் காற்றிரைச்சலையும் ஹாரனையும் சேர்த்தே குறைக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். காது திணறாததால் நெடுஞ்சாலை வேகத்தில் ஹாரன் முன்பை விடத் தெளிவாகவே பிரிந்து கேட்கும். மெதுவாக நகரும் நெரிசலில் இது பொருந்தாது. அங்கே காற்றே இல்லை, கழற்றிவிடலாம். பேச்சும் எச்சரிக்கை ஒலியும் இன்னும் இயல்பாகக் கேட்க வேண்டுமானால், வடிகட்டி வைத்த சிலிகான் பிளக்குகள் இருக்கின்றன. அவை தடுப்பது ஃபோமை விடக் குறைவு. வண்டி ஓட்டும்போது காதில் எதையும் வைப்பதற்குச் சில நாடுகளிலும் மாநிலங்களிலும் கட்டுப்பாடு உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் மாட்டும்போது பிளக் நகர்ந்துவிடுகிறது என்றால், முகவாய்ப் பட்டைகள் இரண்டையும் நன்றாக வெளிப்பக்கம் விரித்துப் பிடித்து மாட்டுங்கள். கன்ன மெத்தை காது மடலை மடக்கித் தள்ளுவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஸ்பீக்கரில் பாட்டைக் கூட்டி வைத்துக் காற்றை மறைப்பது தீர்வே அல்ல. 95 டெசிபல் காற்றுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமானால் பாட்டு அதையும் மிஞ்ச வேண்டும். பிளக் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரைக் கேட்பது எவ்வளவோ மேல்.

சத்தத்தின் வகை சொல்லும் சேதி

பிளக் போட்டாலும் மூலத்தைத் தேடத்தான் வேண்டும். தாழ்ந்த குமுறலைப் பிளக் குறைவாகவே தடுக்கும். தலையை ஆட்டும் காற்றை அது தொடவே தொடாது.

காலி பாட்டில் வாயில் ஊதினாற்போல் கூர்மையான விசில் வந்தால், எங்கோ ஒரு சிறு இடுக்கோ விளிம்போ இருக்கிறது: காற்றுத்துளை, முகத்தை மூடும் வைசரின் ஓரம், கேமரா மவுண்ட், இன்டர்காம் பெட்டி. ‘படபட’ என்ற அடி, பட்டையின் நுனியோ ஜாக்கெட் காலரோ ஹெல்மெட்டில் மோதுவது. ‘ஹோ’ என்ற இடைவிடாத இரைச்சல் கீழிருந்து, கழுத்து வழியாக வருகிறது. தலையைச் சேர்த்து உலுக்கும் குமுறல் என்றால் குற்றவாளி வண்டியின் முன்கண்ணாடி.

சோதிக்க, போக்குவரத்து குறைந்த நேரான சாலை வேண்டும். பக்கக் காற்று பலமாக இருக்கும் நாளில் செய்தால் முடிவுகள் குழப்பும். ஒரே சாலைத் துண்டில், ஒரே வேகத்தில், 70 அல்லது 80-இல், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஓடும்போது கையை எடுத்து வைசரை அழுத்திப் பார்ப்பது வேண்டாம். நிறுத்தி, மாற்றி, மீண்டும் ஓட்டுங்கள்.

1. முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, தோள்களை உயர்த்துங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் காற்று கழுத்து வழியே நுழைகிறது.
2. பின்முதுகை நிமிர்த்தி, இருக்கையிலிருந்து சற்றே எழும்பித் தலையை உயர்த்துங்கள். இரைச்சலின் உலுக்கல் நின்று சீரான ஓசையாக மாறினால், முன்கண்ணாடியின் விளிம்பிலிருந்து வரும் கலங்கல் காற்று வழக்கமாக உங்கள் தலையில் விழுகிறது.
3. குனிந்து கண்ணாடிக்குப் பின்னால் தலையைக் கொண்டுபோங்கள். இப்போது அமைதியானால் மேலே சொன்னது உறுதி.
4. வண்டியை நிறுத்தி, மேல் காற்றுத்துளைகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டுங்கள். மாற்றம் இல்லையென்றால் அதை உரித்து, கேமரா மவுண்ட், வைசரின் பக்க மூடிகள் என்று ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். வைசர் திறக்க முடியாதபடி ஒருபோதும் ஒட்டாதீர்கள். மூச்சுக்காற்றில் வைசர் மங்கினால் அதே நொடி திறக்க வேண்டியிருக்கும்.

முன்கண்ணாடி

கண்ணாடியின் மேல் விளிம்பில் காற்று பிய்ந்து சுழல்களாகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைவாக இருப்பதால், மேலே போகும் காற்று அந்தப் பள்ளத்துக்குள் விழ முயல்கிறது. அந்தச் சுழல்கள் ஹெல்மெட் உயரத்தில் வந்து மோதினால்தான் உலுக்கல். அரைகுறை உயரக் கண்ணாடி, கண்ணாடியே இல்லாத வண்டியை விட அதிகம் இரைவது இதனால்தான். நேக்கட் பைக்கில் நெஞ்சில் காற்று அறையும், ஆனால் தலைக்கு வருவது கலங்காத காற்று.

எனவே இரண்டு வழிகள். ஒன்று, சுழல் தலைக்கு மேலே போக வேண்டும். அல்லது கழுத்துக்குக் கீழே, நெஞ்சில் விழ வேண்டும். முதல் வழிக்கு உயரமான கண்ணாடியோ மேல் விளிம்பில் மாட்டும் சிறு டிஃப்ளெக்டரோ போதும். ஆனால் நீங்கள் கண்ணாடியின் ஊடாக அல்ல, அதற்கு மேலாகச் சாலையைப் பார்க்க வேண்டும். இரவிலும் மழையிலும் கீறல் விழுந்த கண்ணாடி வழியே பார்ப்பது ஆபத்து. இரண்டாவது வழி, கண்ணாடியைக் கழற்றிவிடுவது அல்லது குட்டையானதை மாட்டுவது. வாங்கும் முன் கழற்றி ஓட்டிப் பாருங்கள். நான்கு திருகுகள், பத்து நிமிடம், செலவு இல்லை.

கண்ணாடியை மாற்றாமலே ஒரு திருத்தம் இருக்கிறது, பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கண்ணாடிக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே 10 முதல் 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, அதற்கேற்ற நீளத் திருகு போட்டால், கீழ் ஓரத்தில் இடைவெளி விழும். அதன் வழியே கொஞ்சம் காற்று உள்ளே போய் அந்த அழுத்தப் பள்ளத்தை நிரப்பும். மேலே போகும் காற்று அமைதியாகக் கடந்துபோகும். திருகுகளுக்கு ரப்பர் வாஷர் கட்டாயம். அளவுக்கு மேல் முறுக்கினால் பாலிகார்பனேட்டும் அக்ரிலிக்கும் துளையைச் சுற்றி விரிசல் விடும். கண்ணாடியின் சாய்வை மாற்ற முடிந்தால் ஒவ்வொரு படியாக மாற்றுங்கள். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் கூடத் தலையில் நன்றாகத் தெரியும். உங்கள் உட்காரும் உயரத்துக்குப் பொருந்தியது வேறொருவருக்குப் பொருந்தாது என்பதால், அதே வண்டி வைத்திருப்பவர் சொன்னார் என்று கண்ணாடி வாங்குவது சூதாட்டம்தான்.

கழுத்து

ஹெல்மெட்டின் பெரிய ஓட்டை அதன் அடிப்பக்கம். முகவாய்க்குக் கீழே நுழையும் காற்று காதுப் பக்கமாகப் போய்ச் சுழல்கிறது. முகவாய்ப் பகுதியில் மாட்டும் துணித்தடுப்பான சின் கர்ட்டன் பல ஹெல்மெட்டுகளோடு பெட்டியிலேயே வரும். பெரும்பாலானோர் அதை எடுத்துப் பார்ப்பதே இல்லை. அதை மாட்டுங்கள். அது போதாதென்றால் மெல்லிய கழுத்துத் துணியை மூக்கு வரை இழுக்காமல், ஹெல்மெட்டின் கீழ் ஓரத்துக்கும் காலருக்கும் நடுவே இடைவெளி நிரம்பும்படி சுற்றிக்கொள்ளுங்கள். தளர்வான முடிச்சோ தொங்கும் நுனியோ இருக்கக்கூடாது. கழுத்தை முழுதும் அடைத்தால் வைசர் மங்கும். அப்போது முகவாய்த் துளையைத் திறந்து வையுங்கள், வைசரின் உட்புறம் மாட்டி, மங்காமல் தடுக்கும் பின்லாக் தகடு இருந்தால் இன்னும் நல்லது. பக்கம் திரும்பிப் பார்க்கும்போது காலர் ஹெல்மெட்டைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள். தடுத்தால் அந்த ஏற்பாடு வேண்டாம்.

பட்டையின் மிச்ச நுனியை அதற்கான பொத்தானில் மாட்டிவிடுங்கள்.

பொருத்தம்

புது ஹெல்மெட்டின் மெத்தை முதல் சில வாரங்களில் அமுங்கும். கடையில் சுகமாக இருந்தது பிறகு தளர்ந்து, காதருகே காற்று புகும். புருவத்துக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் மேலே, பின்னந்தலையின் அகன்ற பகுதியைச் சுற்றி டேப் வைத்து அளந்து, நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மாட்டிக்கொண்டு முகவாய்ப் பகுதியைப் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் தளர்வு. தலையின் மேல்பகுதி சரியாக இருந்து கன்னம் மட்டும் தளர்ந்திருந்தால், அதே மாடலுக்கான தடித்த கன்ன மெத்தைகள் பல நிறுவனங்களில் கிடைக்கும். தலையே தளர்வென்றால் அளவு மாற்றுவதுதான் வழி. உள்ளே கூடுதல் ஸ்பாஞ்ச் திணித்து இறுக்கிய ஹெல்மெட், விபத்தில் அந்த ஸ்பாஞ்ச் அமுங்கியதும் தலையில் ஆடும்.

வைசரும் துளைகளும்

வைசரை மூடி, ரப்பர் விளிம்பில் ஒரு தாள் துண்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் சற்றே பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் சும்மா வழுக்கி வந்தால் அங்கே இடுக்கு. சில ஹெல்மெட்டுகளில் வைசர் உட்காரும் பக்கத் தகட்டின் திருகைத் தளர்த்தி, வைசரை மூடிய நிலையில் பின்னுக்கு அழுத்திக்கொண்டே முறுக்கினால் இடுக்கு அடைபடும். ரப்பர் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் துடைத்து, சிலிகான் ஆயிலை மெல்லியதாகப் பூசுங்கள். பெட்ரோல், தின்னர், கண்ணாடி துடைக்கும் ரசாயனம் எதுவும் கூடாது. ரப்பரையும் வைசரையும் கெடுக்கும், ஹெல்மெட்டின் வெளிக்கூட்டையும் பலவீனமாக்கலாம்.

துளைகள் பாதி திறந்திருக்கும்போது விசிலடிப்பதும், முழுதாகத் திறந்தாலோ மூடினாலோ நின்றுவிடுவதும் உண்டு. கேமராவை ஹெல்மெட் உச்சியிலிருந்து இறக்கினாலே சிலருக்குப் பாதி விசில் போய்விடும். ஆஃப்ரோடு ஹெல்மெட்டின் நெற்றித் தகட்டை நெடுஞ்சாலைக்குக் கழற்றிவிடுங்கள், அந்த மாடல் அனுமதித்தால். திருகுத் துளைகளுக்கு அதனுடன் வரும் மூடியைப் போடுங்கள். காற்று நிற்கட்டும் என்று துளைகளைப் பசை ஊற்றி அடைப்பதும், வெளிக்கூட்டில் துளையிட்டு எதையாவது மாட்டுவதும் ஹெல்மெட்டைக் குப்பையாக்கும் வேலை.

இத்தனையும் செய்தபின் ஹெல்மெட்டையே மாற்றுவதென்றால் முகப்பு திறக்கும் மாடலை விட, இணைப்பு குறைந்த, அடிப்பக்கம் கழுத்தை ஒட்டி நெருங்கும் ஃபுல் ஃபேஸைத் தேடுங்கள். கடையில் 15 நிமிடமாவது தலையில் வைத்திருந்து, நெற்றியில் வலிக்கும் புள்ளி இல்லையென்று உறுதிசெய்யுங்கள். வாங்கும்வரை கையில் இருக்கும் இன்னொரு கருவி ஆக்ஸிலரேட்டர். காற்றிரைச்சல் வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறும். 100-லிருந்து 80-க்கு இறங்கினாலே சுமார் 5 டெசிபல் குறையும்.