ஒன்ராறியோவில் ஆர்ட்டிக்ளிங்: சட்ட மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒன்ராறியோவில் சட்டப் பட்டம் வாங்கியவுடன் யாரும் சட்டத்தரணி ஆகிவிடுவதில்லை. அனுமதி பெற்ற சட்டத்தரணி ஒருவரின் கீழ் எட்டு முதல் பத்து மாதங்கள் வேலை பழக வேண்டும். ஆர்ட்டிக்ளிங் என்பது அதுதான். இது எல்லா மாணவர்களுக்கும் தெரியும். அந்த இடத்துக்கான போட்டி எப்போது தொடங்குகிறது என்பதுதான் பலருக்குப் பிந்தித் தெரிகிறது. மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள், வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டதைக் கண்டு திகைக்கிறார்கள்.

ரொறன்ரோ பே வீதியின் பெரிய சட்ட நிறுவனங்கள், அடுத்த கோடை வேலைக்கான மாணவர்களை அவர்களின் இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்திலேயே தேர்ந்தெடுக்கின்றன. ஆர்ட்டிக்ளிங் இடங்களில் பெரும்பாலானவற்றை அந்தக் கோடையில் வேலை செய்தவர்களைக் கொண்டே நிரப்பிக்கொள்கின்றன. விண்ணப்பிக்கும்போது மாணவர் கையில் இருப்பவை முதலாம் ஆண்டுப் புள்ளிகள் மட்டுமே. எஞ்சும் இடங்களுக்கான ஆர்ட்டிக்ளிங் தேர்வும் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் நடந்துவிடுகிறது. இரண்டுக்குமான திகதிகளை, சட்டத்தரணிகளுக்கு உரிமம் வழங்கும் ஒன்ராறியோ சட்டச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. போன வருடம் படித்த அண்ணன் சொன்ன திகதியை நம்பி இருக்க வேண்டாம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: எல்லா அலுவலகங்களும் இந்த நாட்காட்டியின்படிதான் நடக்கும் என்று நினைப்பது. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வீடு வாங்கல் விற்றல், குடிவரவு, குடும்ப வழக்குகள் பார்க்கும் இரண்டு, மூன்று பேர் அலுவலகங்கள் ஆள் தேவைப்படும்போதுதான் தேடும். வெளிநாட்டில் சட்டம் படித்துவிட்டு, தேசிய அங்கீகாரக் குழுவின் பரீட்சைகளை எழுதி வருகிறவர்களில் பலருக்கு வேலை கிடைப்பது இந்த வழியில்தான். அவர்கள் பே வீதியின் திகதிகளைப் பார்த்து மனம் சோர்வது வீண்.

விண்ணப்பக் கடிதத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஒரு நிறுவனத்துக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி இன்னொன்றுக்கு அனுப்பினால், எங்காவது ஒரு வரியில் பழைய பெயர் தங்கிவிடும். படிப்பவர் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுவாகவே இருக்கும்.

நேர்காணல் வாரத்தில் நடக்கும் பிழைகள் வேறு ரகம். நேர்காணல் நேரம் குறிக்க நிறுவனங்கள் கூப்பிடும் அழைப்பு நாளில் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். பதற்றத்தில் வருகிற அழைப்புக்கெல்லாம் வருகிற வரிசையில் நேரம் கொடுத்துவிடுகிறார்கள். நேர்காணல்கள் தொடங்கும் திங்கட்கிழமை நேரத்தை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை நிறுவனங்கள் கவனிக்கின்றன. உங்கள் விருப்பத்தின் அடையாளமாகவே அதை எடுத்துக்கொள்கின்றன. மிகவும் விரும்பும் இடத்தைச் செவ்வாய் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டு, அந்த வாரத்தில் நிறுவனம் தரும் இரவு விருந்தில் அதைச் சரிக்கட்டலாம் என்று நினைப்பது நடக்காத காரியம். ஆகவே விரும்பும் இடங்களை முந்தின இரவே வரிசைப்படுத்தித் தாளில் எழுதி வையுங்கள்.

நேர்காணலின் கடைசி நாளில் ஒரு நிறுவனத்திடம் ‘நீங்கள்தான் என் முதல் தெரிவு’ என்று சொல்வது அங்கே எழுதப்படாத வழக்கம். அதை இரண்டு இடங்களில் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது கெட்டித்தனம் இல்லை, பொய். பொய் சொன்னவர் என்ற பெயர் அந்தச் சிறிய வட்டாரத்தில் நீண்ட காலம் கூடவே வரும். வேலையே கிடைக்காமல் போனாலும் அப்படிச் சொல்லாதீர்கள் என்பேன்.

பெரிய பெயர் என்றால் பாதுகாப்பு என்று நம்புகிறவர்களுக்கு ஹீனன் பிளெய்க்கியின் கதையைச் சொல்ல வேண்டும். 1973இல் தொடங்கி, முன்னாள் பிரதமர்கள் பியர் ட்ரூடோவும் ஜான் கிரெத்தியனும் அரசியலுக்குப் பின் போய் அமர்ந்த நிறுவனம் அது. நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் இருந்தும் 2014 பெப்ரவரியில் கலைந்துபோனது.

சிறிய அலுவலகங்களில் சேர்கிறவர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் சில உண்டு. சம்பளம் எவ்வளவு? சட்டச் சங்கக் கட்டணங்களை யார் கட்டுவார்கள்? விடுமுறை எத்தனை நாள்? அதிலும், வேலை தருபவர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருந்துவிட்டால் வாயே திறக்காது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒன்ராறியோ வேலைத்தரச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி விதியும் மேலதிக நேர விதியும் சட்டத்தொழிலுக்குப் பயிற்சி பெறும் மாணவருக்குப் பொருந்தாது. எனவே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் உங்களுக்கு இருக்கும் காப்பு. உங்களைப் பயிற்றுவிக்கப் போகிறவருக்கு அதற்கான சட்டச் சங்க அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆர்ட்டிக்ளிங் கிடைக்காதவர்கள் இன்னொரு வழியை ஏளனமாகப் பார்த்து ஒரு வருடத்தை இழப்பதும் நடக்கிறது. ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் நடக்கும் சட்டத்தொழில் பயிற்சித் திட்டத்தில் நான்கு மாதம் பயிற்சி, நான்கு மாதம் அலுவலக வேலை. உரிமம் பெறுவதற்கு அதுவும் ஆர்ட்டிக்ளிங்குக்குச் சமம்தான்.

இனி, உள்ளே நுழைந்த பின். புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகம் காண்கிற குறை அறிவுக் குறைவு அல்ல, கேட்காமை. பெரியவர் ஒருவர் கதவருகே நின்றபடி இரண்டு நிமிடத்தில் ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போவார். மாணவர் தலையாட்டுவார். பிறகு மூன்று நாள் உட்கார்ந்து இருபது பக்கம் எழுதுவார். கேட்டவருக்குத் தேவைப்பட்டது நாளைக் காலைக்குள் அரைப் பக்கப் பதில். எப்போது வேண்டும், யார் படிக்கப் போகிறார்கள், எவ்வளவு நேரம் செலவிடலாம் என்ற மூன்றையும் அந்தக் கதவடியிலேயே கேட்டிருந்தால் யாரும் முட்டாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஒன்ராறியோச் சட்டத்தரணிகளுக்குத் தொழிற்காப்புறுதி வழங்கும் லோபுரோ நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதற்கு நெருக்கமானது. தங்களிடம் வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்குச் சட்டம் தெரியாததைவிடத் தொடர்பாடல் குறையே பெரிய காரணம் என்கிறார்கள்.

எல்லா வேலைக்கும் ‘சரி’ என்பதும் இதே குடும்பம்தான். ஒரே வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தால், அதைத் தீர்க்க வேண்டியவர்கள் அந்த இருவரும்தான், நீங்கள் அல்ல. புதன்கிழமையே இருவருக்கும் தெரியப்படுத்துங்கள். வெள்ளி மாலை தெரிந்தால் யாருக்கும் பயன் இல்லை.

நேரப் பதிவில் நேர்மையே நஷ்டம் தரும் என்று பயந்து குறைத்து எழுதுவார்கள். பெரும்பாலான அலுவலகங்களில் ஆறு நிமிடம் ஓர் அலகு. ஐந்து மணி நேரம் எடுத்த ஆய்வை இரண்டு என்று எழுதினால், அடுத்த முறை உங்களுக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். கட்சிக்காரரிடம் எவ்வளவு வாங்குவது, எதைத் தள்ளுபடி செய்வது என்பதெல்லாம் நிறுவனத்தின் பங்காளியான மூத்த சட்டத்தரணியின் பொறுப்பு.

ஆய்வில் ஒரு தீர்ப்பைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. அது மேன்முறையீட்டில் தள்ளப்பட்டதா, பிறகு வந்த நீதிபதிகள் அதை ஏற்றார்களா என்று பார்க்க வேண்டும். கனடாவின் தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் கன்லீ இணையதளத்தில் இதை இலவசமாகவே பார்க்கலாம். இப்போது இதைவிடப் பெரிய ஆபத்து செயற்கை நுண்ணறிவு. 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு குடும்ப வழக்கிலும், 2025இல் ரொறன்ரோவில் கோ எதிர் லீ வழக்கிலும், இல்லாத தீர்ப்புகளைச் சட்டத்தரணிகள் நீதிமன்றத்தின் முன் வைத்து மாட்டிக்கொண்டார்கள். ஒன்ராறியோவில் எழுத்து வாதத்தில் காட்டப்படும் தீர்ப்புகள் உண்மையானவை என்று கையெழுத்திட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி 2024 முதல் இருக்கிறது. கையெழுத்து உங்கள் மேலாளருடையது. தீர்ப்பைத் தேடித் தந்தவர் நீங்கள். ஒவ்வொன்றையும் திறந்து படிக்காமல் எதையும் மேலே அனுப்பாதீர்கள்.

பிழை நடந்துவிட்டால் மறைப்பதுதான் அதைப் பெரிதாக்கும். ஒன்ராறியோவில் பெரும்பாலான உரிமையியல் வழக்குகளுக்குக் கால வரம்பு இரண்டு ஆண்டுகள். ஒரு திகதியைத் தவறாகக் குறித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். இன்று சொன்னால் மீட்க வழி இருக்கலாம், அடுத்த மாதம் சொன்னால் காப்புறுதிக்காரருக்கு எழுதுவதுதான் மிச்சம்.

தமிழ் மாணவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை: தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று சுரங்க ரயிலில் கட்சிக்காரரின் கதையைச் சொல்லாதீர்கள். ரொறன்ரோவில் அடுத்த இருக்கையில் இருப்பவர் அந்தக் கட்சிக்காரரின் மைத்துனராக இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. கல்யாண வீட்டு மேசையில் ‘பெயர் சொல்ல மாட்டேன்’ என்று தொடங்கும் கதையும் அப்படித்தான். பெயரை மேசையில் இருப்பவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இரகசியம் காக்கும் கடமை மாணவருக்கும் உண்டு.

பயிற்சி முடிவில் அதே இடத்தில் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று கடைசி வாரம்வரை காத்திருக்கவும் வேண்டாம். வைத்துக்கொள்வார்களா, எப்போது முடிவு சொல்வார்கள் என்று இரண்டு, மூன்று மாதம் முன்பே கேளுங்கள். செய்த வேலைகளைக் கட்சிக்காரர் பெயர் இல்லாமல் ஒரு பட்டியலாக வைத்திருங்கள். பரிந்துரைக் கடிதத்தை, உங்கள் வேலை அவர்கள் நினைவில் இருக்கும்போதே, அங்கிருந்து வெளியேறும் முன் கேட்டு வாங்கிவிடுங்கள்.