காற்றாலைப் பழுதுகளின் அபாயத்தை வரம்பிட்டு மதிப்பிடும் முறை

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய, காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் ஆண்டு மின்னுற்பத்தியின் பெரும்பகுதியைத் தென்மேற்குப் பருவக்காற்றே தருகிறது. ஆகவே எந்தப் பாகம் பழுதாகக்கூடும் என்ற மதிப்பீட்டை அந்தக் காற்று தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில் இறக்கை, அதன் கோணத்தைத் திருப்பும் பிட்ச் அமைப்பு, முதன்மை பேரிங், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், கன்வெர்ட்டர் என ஆலையைப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வெவ்விதமாகப் பழுதாகும் என்று எழுதுங்கள். ‘கியர்பாக்ஸ் பழுது’ என்று மட்டும் குறித்தால் போதாது. பேரிங்கில் விரிசலா, பற்சக்கரத் தேய்மானமா, எண்ணெயில் நீர் கலந்ததா என்பது வரை போக வேண்டும், ஏனெனில் ஒவ்வொன்றின் அறிகுறியும் வேறு.

தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டறிவதிலுள்ள கடினம் ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்குவது வழக்கம். அந்தப் பெருக்கற்பலனை மட்டும் நம்பி வரிசைப்படுத்துவதை நான் ஏற்பதில்லை. 10×3×2 என்றாலும் 60, 3×4×5 என்றாலும் 60; முன்னது இறக்கை முறிந்து விழுவதாகவும் பின்னது ஒரு சென்சார் கெட்டுப்போவதாகவும் இருக்கலாம். தீவிரத்தில் 9 அல்லது 10 பெறுபவற்றைத் தனிப் பட்டியலில் வையுங்கள்; உயிராபத்தை ரூபாய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பதிவேடு மெலிந்திருக்கும்போதுதான் பெரும் பிழை நேர்கிறது. 10 ஆலைகள் 4 ஆண்டுகள் ஓடி, முதன்மை பேரிங் ஒருமுறைகூடப் பழுதாகவில்லை என்று கொள்வோம். அதற்காகப் பழுது வாய்ப்பைச் சுழியம் என்று எழுதக் கூடாது. பழுதே பதிவாகாதபோது புள்ளியியலில் கையாளும் 3 என்ற எண்ணை 40 ஆலை-ஆண்டுகளால் (10 ஆலைகள் × 4 ஆண்டுகள்) வகுத்தால், 95 விழுக்காடு நம்பகத்தில் மேல்வரம்பு ஏறத்தாழ 0.075 என்று கிடைக்கும். அதாவது 10 ஆலைகளில் ஆண்டுக்கு 0.75 பழுது வரை இருந்தாலும் நம் பதிவேடு அதை மறுக்காது. பழுது வீதம் காலத்தால் மாறாது என்பது இக்கணக்கின் அனுமானம் என்பதால், வயதான ஆலைகளுக்கு மேல்வரம்பை இன்னும் உயர்த்துங்கள்.

இழப்புக்கும் இரு எல்லைகள் வேண்டும். 2 மெகாவாட் ஆலை 10 நாள் நின்றால், பாதித் திறனில் ஓடும் ஆடி மாதத்தில் 2,40,000 யூனிட் போகும். பத்தில் ஒரு பங்கு திறனில் ஓடும் காலத்தில் 48,000 யூனிட்தான். பலத்த காற்றில் கிரேனை இயக்க முடியாததால் ஆடியில் அந்த 10 நாள் இன்னும் நீளும்.

மூன்று இறக்கைகளின் பிட்ச் அமைப்புகளும் தனித்தனியே இயங்குவதால் ஒன்று சிக்கினாலும் மற்றவை சுழற்சியை நிறுத்திவிடும் என்று கணக்கிடுவார்கள். மின்சாரம் தடைபட்டால் அவற்றை இயக்கும் பேட்டரிகள் மூன்றிலும் ஒரே நாளில் மாற்றியவையாக இருந்தால் அவை ஒன்றாகவே வலுவிழக்கலாம் என்பதால், அவற்றின் வாய்ப்புகளைப் பெருக்கி ஆறுதல் கொள்ளக் கூடாது.

பழுது வீதத்தையும் ரூபாயாக மாற்றிய இழப்பையும் பெருக்கினால் ஆண்டு இழப்பின் கீழெல்லையும் மேலெல்லையும் வரும். கீழெல்லையே தடுப்புப் பணியின் ஆண்டுச் செலவைத் தாண்டினால் அந்தப் பணியை உடனே செய்யுங்கள்; மேலெல்லைகூட அதற்குக் கீழே இருந்தால் ஒத்திவைக்கலாம். செலவு இரண்டுக்கும் நடுவே விழுந்தால், எண்ணெய் மாதிரிச் சோதனையும் அதிர்வு அளவீடும் முதலில் அந்தப் பாகத்துக்கே செய்து, கிடைத்த முடிவைக் கொண்டு வரம்புகளைத் திருத்துங்கள்.