ஆர்எக்ஸ் 6600ஆ ஆர்டிஎக்ஸ் 3050ஆ? பட்ஜெட் கிராபிக்ஸ் கார்டை நீங்களே கம்பேர் பண்றது எப்படி

புதுசா கேமிங் பிசி அசெம்பிள் பண்றவங்க அடிக்கடி கேக்கற கேள்வி இதுதான், "ப்ரோ, ஆர்எக்ஸ் 6600 எடுக்கலாமா இல்ல ஆர்டிஎக்ஸ் 3050 எடுக்கலாமா". முதலாவது ஏஎம்டி கம்பெனியோட கார்டு, ரெண்டாவது என்விடியாவோடது. கேம் ஆட மட்டும்தான்னா 6600னு ஒரே வரியில சொல்லி முடிச்சிடலாம். ஆனா அதோட விட்டுட்டா நாளைக்கு வேற ரெண்டு கார்டு மார்க்கெட்டுக்கு வரும்போது திரும்பவும் யார்கிட்டயாவது கேட்டுட்டு நிக்கணும், கடையில எந்த ஸ்டாக் தேங்கிக் கிடக்குதோ அதுதான் நம்ம தலையில கட்டப்படும். அதனால இந்த ரெண்டு கார்டையும் முன்னாடி வச்சுக்கிட்டு, எந்த ரெண்டு கார்டா இருந்தாலும் எப்படி ஒப்பிட்டுப் பாக்கறதுன்னு ஒவ்வொரு படியா போகலாம்.

படி 1: கார்டை விடுங்க, முதல்ல உங்க பிசியைப் பாருங்க

மானிட்டர் என்ன ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ்? இந்த ரெண்டு கார்டுமே 1080பி கார்டுங்கதான், 1440பி மானிட்டர் வச்சிருந்தா செட்டிங்ஸை நல்லாவே குறைக்க வேண்டி வரும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல வேலரண்ட் மட்டும் ஆடறவருக்கு ரெண்டுல எதை வாங்கினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அவர் காசை வேற எதுலயாவது போடறது புத்திசாலித்தனம்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை. இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். கேபினட்டோட சைடு கதவைக் கழட்டிட்டு எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைப் படிங்க. பெருசா 450 வாட்னு போட்டிருக்கும், அதைப் பாத்து ஏமாறாதீங்க, கீழ டேபிள்ல +12வி-ன்னு ஒரு காலம் இருக்கும், அதுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. அந்த ஆம்பியரை 12ஆல பெருக்கினா கார்டுக்கும் ப்ராசஸருக்கும் உண்மையில கிடைக்கற வாட் வந்துடும். 18 ஆம்பியர்னு போட்டிருந்தா 216 வாட்தான். ஆர்எக்ஸ் 6600 மட்டும் 132 வாட் இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 3050 8ஜிபி 130 வாட், ப்ராசஸரையும் மத்ததையும் சேத்தா அந்த 216 அங்கயே முடிஞ்சிடும். கேபினட்டோட சேத்து சும்மா குடுக்கற எஸ்எம்பிஎஸ்ல பல சமயம் நிலைமை இதுதான். 6600க்கு ஏஎம்டி சொல்றது 450 வாட், 3050 8ஜிபிக்கு என்விடியா சொல்றது 550 வாட், ஆனா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு கரண்ட்தான் சாப்பிடுது, அதனால நல்ல பிராண்ட் 450 வாட் எஸ்எம்பிஎஸ் இருந்தா சாதாரண ப்ராசஸரோட ரெண்டையுமே ஓட்டலாம். ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒரு 8 பின் கனெக்டர் வேணும், அந்த கேபிள் உங்க எஸ்எம்பிஎஸ்ல இருக்கான்னு பாத்துக்குங்க. மோலெக்ஸ்லேர்ந்து 8 பின்னுக்கு மாத்தற அடாப்டர் போட்டு ஒப்பேத்தறது வேண்டவே வேண்டாம், கேபிள் சூடாகி உருகற வேலை அது.

படி 2: கார்டோட முழுப்பேரையும் படிங்க

ஆர்டிஎக்ஸ் 3050ங்கற பேர்ல ரெண்டு வேற வேற கார்டு இருக்கு. 2022 ஜனவரியில வந்தது 8ஜிபி, 2024 பிப்ரவரியில வந்தது 6ஜிபி. ரெண்டு ஜிபி மெமரி கம்மி, அவ்வளவுதானேன்னு நினைச்சா அதுதான் தப்புக்கணக்கு. 8ஜிபி கார்டுல 2560 கூடா (CUDA) கோர், அதாவது கணக்குப் போடற சின்ன சின்ன யூனிட், 6ஜிபியில 2304தான். மெமரி பஸ் 128 பிட்லேர்ந்து 96 பிட்டா சுருங்கிடுச்சு, அது மெமரிக்கும் சிப்புக்கும் நடுவுல இருக்கற ரோடு மாதிரி, அகலம் குறைஞ்சா போக்குவரத்தும் குறையும், நொடிக்கு 224 ஜிபி போன இடத்துல 168 ஜிபிதான் போகும். கடை லிஸ்ட்ல வெறும் "3050"ன்னு போட்டு விலை கம்மியா இருந்தா அது பெரும்பாலும் 6ஜிபிதான், பாக்ஸைக் கையில வாங்கிப் பாத்துட்டு காசைக் குடுங்க, ஆன்லைன்னா மாடல் நம்பரைக் காப்பி பண்ணி அந்த பிராண்டோட சைட்ல போட்டுப் பாருங்க.

அதுக்காக 6ஜிபி கார்டு மோசம்னு சொல்ல மாட்டேன், அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. அது 70 வாட்தான் எடுக்கும், பெரும்பாலான மாடலுக்கு தனியா பவர் கேபிளே வேண்டாம், மதர்போர்டு ஸ்லாட்லேர்ந்தே கரண்ட் எடுத்துக்கும். பழைய ஆபீஸ் பிசி ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி கேமிங் பிசியா மாத்தணும்னு நினைக்கறவங்களுக்கு இதுதான் சரியான கார்டு, ஒல்லி கேபினட்டுக்குன்னே லோ ப்ரொஃபைல் மாடலும் வருது.

ஏஎம்டி பக்கமும் இதே மாதிரி ஒரு குழி இருக்கு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-ன்னு ஒண்ணு, 6600க்குப் பக்கத்து நம்பர்தானேன்னு தோணும். அதுல பெரும்பாலும் 4ஜிபி மெமரி, 64 பிட் பஸ், பிசிஐஇ லேன் (கார்டும் மதர்போர்டும் பேசிக்கற பாதை) நாலுதான், ரெக்கார்டிங்குக்கும் லைவுக்கும் வீடியோவைச் சுருக்கற என்கோடரும் கிடையாது. பிசிஐஇ 3.0 போர்டுல போட்டா இன்னும் வேகம் குறையும்.

படி 3: ஸ்பெக்ஸ்ல எந்த நம்பரை ஒப்பிடலாம், எதை ஒப்பிடக் கூடாது

6600ல 1792 ஷேடர் (கோருக்கு இன்னொரு பேர்), 3050 8ஜிபியில 2560. நம்பரை மட்டும் பாத்தா 3050தான் பெரிய கார்டு மாதிரி இருக்கும், ஆனா கேம்ல 6600தான் ஜெயிக்குது. காரணம் என்னன்னா, ஏஎம்டி எண்ற கோரும் என்விடியா எண்ற கோரும் ஒண்ணு கிடையாது. 3050ல இருக்கற ஆம்பியர் டிசைன்ல பாதி கோருங்க தசம கணக்கும் போடும் முழு எண் கணக்கும் போடும், கேம் முழு எண் கணக்கு கேக்கற நேரத்துல அந்த கோருங்க அங்க போயிடும், அதனால 2560ம் எல்லா நேரமும் ஒரே வேலையில இருக்காது. அதோட 6600 ஓடற க்ளாக் அதிகம், பூஸ்ட் க்ளாக் 2491 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 3050க்கு 1777. மெமரியைப் பாத்தா ரெண்டுலயும் 8ஜிபி ஜிடிடிஆர்6, 128 பிட், நொடிக்கு 224 ஜிபி, அச்சு அசலா ஒண்ணுதான், ஆனா 6600ல சிப்புக்குள்ளயே 32 எம்பி இன்ஃபினிட்டி கேஷ் இருக்கு, அடிக்கடி தேவைப்படறது அதுலயே கிடைச்சிடறதால மெமரிக்கு ஓடற ஓட்டம் குறையுது.

அதனால கோர் எண்ணிக்கை, க்ளாக் இதெல்லாம் ஒரே கம்பெனியோட ஒரே தலைமுறைக்குள்ள ஒப்பிட மட்டும்தான். மெமரி அளவு, வாட், கார்டோட நீளம், கனெக்டர் இதெல்லாம் எந்தக் கம்பெனின்னாலும் தாராளமா ஒப்பிடலாம்.

படி 4: பெஞ்ச்மார்க் வீடியோவை எப்படிப் பாக்கணும்

யூட்யூப்ல ரெண்டு கார்டு பேரையும் போட்டுத் தேடினா நூறு வீடியோ வரும். அதுல பாதிக்கு மேல மேஜை, கை, கார்டு எதுவுமே காட்டாம வெறும் ஸ்கிரீன் ஓரத்துல நம்பர் ஓட விட்டிருப்பாங்க, கையில கார்டே இல்லாம நம்பரை எடிட் பண்ணிப் போடறவங்களும் இருக்காங்க, அதையெல்லாம் தள்ளிடுங்க. எந்த ப்ராசஸர், எவ்வளவு ரேம், எந்த டிரைவர் வெர்ஷன்னு வெளிப்படையா சொல்றவங்களை மட்டும் எடுத்துக்குங்க, குறைஞ்சது ரெண்டு மூணு பேரோட ரிசல்ட்டைப் பாருங்க.

பாக்கும்போது ரெண்டு கார்டுக்கும் ஒரே ரெசல்யூஷன், ஒரே செட்டிங்ஸா இருக்கான்னு கவனிங்க. கம்மி ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்கிக் காட்டற (அப்ஸ்கேலிங்) டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், நடுவுல செயற்கையா ஃப்ரேம் சேக்கற ஃப்ரேம் ஜெனரேஷன் எல்லாம் ஆஃப்ல இருக்கணும், ஒண்ணுல ஆன் ஒண்ணுல ஆஃப்னா அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்ல.

அப்புறம் ஆவரேஜ் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) மட்டும் பாத்துட்டு வீடியோவை மூடிடாதீங்க, பக்கத்துல 1% லோ-ன்னு ஒரு நம்பர் இருக்கும், ரொம்ப மெதுவா வந்த ஒரு சதவீத ஃப்ரேமோட எஃப்பிஎஸ் அது, அதுதான் கேம் கையில எப்படி இருக்கும்னு சொல்ற நம்பர். 60 எஃப்பிஎஸ்னா ஒவ்வொரு ஃப்ரேமும் கிட்டத்தட்ட 16.7 மில்லி செகண்ட்ல வரணும், இடையில சில ஃப்ரேம் 40, 50 மில்லி செகண்ட் எடுத்துக்கிட்டா ஆவரேஜ் பெருசா இறங்காது, ஆனா எதிரி மேல எய்ம் வைக்கற நேரத்துல படக்குன்னு ஒரு வெட்டு வெட்டும். ஒரு கார்டு ஆவரேஜ் 90, 1% லோ 35, இன்னொண்ணு ஆவரேஜ் 80, 1% லோ 62ன்னா கண்ணை மூடிட்டு ரெண்டாவதை எடுங்க.

இப்படிப் பாத்தா இந்த ரெண்டுக்கும் வர்ற முடிவு, அப்ஸ்கேலிங், ரே ட்ரேசிங் (வெளிச்சம், நிழலை நிஜம் மாதிரி கணக்குப் போட்டு வரையறது) இல்லாம 1080பியில பொதுவா 6600 கால்வாசி அளவுக்கு வேகமா இருக்கும், கேமைப் பொறுத்து கூடக் குறைய. ரே ட்ரேசிங் ஆன் பண்ணா 3050 நெருங்கி வரும், சில கேம்ல முந்தவும் செய்யும், ஆனா அந்த செட்டிங்ஸை வசதியா ஓட்டற சக்தி ரெண்டுக்குமே கிடையாது, அதை வச்சு முடிவெடுக்காதீங்க.

இன்னொரு விஷயம், உங்க ப்ராசஸர் பழசா இருந்தா வீடியோவுல வர்ற நம்பர் உங்க வீட்ல வராது. கேம் ஓடும்போது எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர்ல ஜிபியு யூசேஜ், அதாவது கார்டு எத்தனை சதவீதம் உழைக்குதுன்னு பாருங்க, எஃப்பிஎஸ் லிமிட் எதுவும் போடாம 95க்கு மேல நின்னா கார்டு முழுசா உழைக்குது, 60லயே நின்னா ப்ராசஸரோ ரேமோதான் இழுத்துப் பிடிக்குது. ஒரே ஒரு 8ஜிபி ரேம் ஸ்டிக் போட்டு வச்சிருக்கறவங்க ரெண்டு ஸ்டிக்கா மாத்திட்டு அப்புறம் கார்டைப் பத்தி யோசிக்கலாம்.

படி 5: ஒரு எஃப்பிஎஸ்க்கு எவ்வளவு ரூபாய்?

கார்டு விலை வாரா வாரம் மாறும், அதனால விலையை நான் சொல்ல மாட்டேன், கணக்கை மட்டும் சொல்றேன். நீங்க ஆடற நாலஞ்சு கேமோட எஃப்பிஎஸ்ஸைக் கூட்டி ஆவரேஜ் எடுங்க, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து கைக்கு வர்ற விலையை அதால வகுங்க. ஒரு பேச்சுக்கு 6600 விலை 22,000, ஆவரேஜ் 80ன்னு வச்சுக்குவோம், ஒரு எஃப்பிஎஸ்க்கு 275 ரூபாய். 3050 விலை 20,000, ஆவரேஜ் 62ன்னா கிட்டத்தட்ட 323 ரூபாய். விலை கம்மியா தெரிஞ்ச கார்டுதான் உண்மையில காஸ்ட்லி. எஸ்எம்பிஎஸ் மாத்த வேண்டி வந்தா அந்தக் காசையும் கார்டு விலையோட சேத்துட்டுக் கணக்குப் போடுங்க. சென்னையில இருக்கறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடையில கொட்டேஷன் வாங்கி அதை ஆன்லைன் விலையோட வச்சுப் பாருங்க, பில் போட்டா ஒரு விலை பில் இல்லாம ஒரு விலைன்னு சொன்னா பில் போட்டே வாங்குங்க, பின்னாடி வாரன்டிக்குப் போய் நிக்கும்போது அந்தப் பேப்பர்தான் பேசும்.

படி 6: கேம் தவிர வேற என்ன பண்ணப் போறீங்க?

3050 எழுந்து நிக்கற இடம் இது. என்விடியாவோட என்கோடர் நல்லா இருக்கும், ஓபிஎஸ் போட்டு யூட்யூப்லயோ ட்விட்ச்லயோ ஹெச்.264ல லைவ் பண்றவங்களுக்கு அதே பிட்ரேட்ல படம் 6600ஐ விட தெளிவா வரும். பிளெண்டர் ரெண்டர், என்விடியாவோட கூடா (CUDA) வேணும்னு கேக்கற சாஃப்ட்வேர், படிப்புக்காக ஏஐ மாடல் ஓட்டிப் பாக்கறது, இதுக்கெல்லாம் 3050 8ஜிபிதான் தலைவலி இல்லாதது. காலேஜ் ப்ராஜெக்ட்டும் கேமும் ஒரே பிசியிலன்னா கேம்ல கொஞ்சம் வேகம் போனாலும் பரவாயில்லன்னு இதை எடுக்கறதுல நியாயம் இருக்கு.

டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுல மட்டும்தான் ஓடும், எஃப்எஸ்ஆர் 2, 3 ரெண்டு கார்டுலயும் ஓடும். 1080பியில படத்தோட தெளிவு டிஎல்எஸ்எஸ்லதான் நல்லா இருக்கும், அதை மறைக்கறதுக்கில்ல. ஆனா டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன் 40 சீரிஸ்லேர்ந்துதான், 3050ல வராது, கடையில அதைச் சொல்லி வித்தா நம்பாதீங்க.

படி 7: செகண்ட் ஹேண்ட்னா

6600 கம்மி கரண்ட்ல ஓடறதால மைனிங்ல, அதாவது கிரிப்டோ காயின் சம்பாதிக்க ராத்திரி பகலா கணக்குப் போடற வேலையில நிறைய ஓடின கார்டு. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னதுக்கு அப்புறம் அந்தக் கார்டெல்லாம் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு. மைனிங் கார்டுன்னாலே குப்பைன்னு அர்த்தமில்ல, ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும்தான் முதல்ல தேயும். நேர்ல போய் ஃபர்மார்க்ங்கற டெஸ்ட் சாஃப்ட்வேரை ஒரு 15 நிமிஷம் ஓட விடுங்க, ஸ்கிரீன்ல புள்ளி கோடு வருதா, ஃபேன் கரகரன்னு சத்தம் போடுதா பாருங்க. ஜிபியு-இசட் ஓப்பன் பண்ணி மெமரி அளவு, ஷேடர் எண்ணிக்கை மேல சொன்ன நம்பரோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, பழைய கார்டுல பயாஸை (கார்டுக்குள்ள இருக்கற அடிப்படை சாஃப்ட்வேரை) மாத்தி புது பேர் வச்சு விக்கறவங்க இதுல மாட்டிக்குவாங்க. பஸ் இன்டர்ஃபேஸ்ல x8னு வந்தா பதற வேண்டாம், 6600ம் சரி 3050ம் சரி வேலை செய்யறதே எட்டு லேன்லதான்.

படி 8: மாட்டினதுக்கு அப்புறம்

பழைய கார்டு இருந்துச்சுன்னா, குறிப்பா கம்பெனி மாறினா, டிடியு-ங்கற சாஃப்ட்வேர் வச்சு சேஃப் மோட்ல பழைய டிரைவரைத் துடைச்சுட்டு புது டிரைவர் போடுங்க. மதர்போர்டு பயாஸ்ல ரீசைசபிள் பார் ஆப்ஷன் (ப்ராசஸர் கார்டு மெமரி முழுசையும் ஒரே நேரத்துல எட்ட விடறது) இருந்தா ஆன் பண்ணுங்க, ரேம் அதோட முழு வேகத்துல ஓட எக்ஸ்எம்பி-யும் ஆன் பண்ணுங்க. ஹெச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டுல சொருகாம கார்டுல சொருகணும், இதைச் சொல்றது சின்னதாத் தெரியலாம், ஆனா "கார்டு போட்டும் எஃப்பிஎஸ் ஏறல"ன்னு சொல்றவங்க முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்னா விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய் 144ஐ நாமதான் செலக்ட் பண்ணணும், பல சமயம் 60லயே கிடக்கும். அப்புறம் சைபர்பங்க் 2077, ஃபோர்ஸா ஹொரைசன் 5 மாதிரி உள்ளயே பெஞ்ச்மார்க் இருக்கற கேம் ஒண்ணை, நீங்க படி 4ல பாத்த அதே செட்டிங்ஸ்ல மூணு தடவை ஓட்டுங்க, முதல் ரன்னை விட்டுட்டு மத்த ரெண்டோட ஆவரேஜை வீடியோ நம்பரோட வச்சுப் பாருங்க. பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சா ஆஃப்டர்பர்னர்ல டெம்பரேச்சரும் ஜிபியு யூசேஜும் பாத்துட்டு, ரெண்டும் சரியா இருந்தும் நம்பர் வரலன்னா ரீப்ளேஸ்மென்ட் டைம் முடியறதுக்குள்ள கார்டைக் கடைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.