கடற்குதிரைச் சின்னம் காவல் அல்ல: ஜெர்மன் நீச்சல் குளங்களில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் பல பொது நீச்சல் குளங்களில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெரியவர் துணையில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். எனவே பக்கத்து ஊர்க்காரர் சொன்னதை நம்பிக் கிளம்பாமல், போகிற குளத்தின் வாசலில் உள்ள விதிகளைப் படியுங்கள். ஏழு முடிந்ததும் பிள்ளையைத் தனியே அனுப்பிவிடும் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்த விதி சொல்வது வாசலைத் தாண்டுவதற்கான வயதை மட்டுமே. பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

போன கோடையில் ஒரு குளத்தில் நானே பார்த்தேன். தொடக்க நீச்சல் தேர்வில் தேறிய பிள்ளைகளுக்குத் தரும் கடற்குதிரைச் சின்னத்தை நீச்சல் உடையில் தைத்திருந்த சிறுவன் ஒருவன், விளையாட்டு வேகத்தில் ஆழமான பக்கம் போய்விட்டான். கூச்சல் இல்லை, கையசைப்பும் இல்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழுந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருந்தன. அருகில் நீந்திய பெண் சட்டென்று தூக்கிவிட்டார். ஓடிவந்த தாய் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “இவன் ஸேப்ஃபெர்ட்சென் எடுத்தவன், அண்ணா!”

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஸேப்ஃபெர்ட்சென் என்ற அந்தச் சின்னத்துக்கு, கரையிலிருந்து குதித்து 25 மீட்டர் நீந்தி, தோளளவு நீரில் கிடக்கும் பொருளை எடுத்து, குளியல் விதிகளையும் சொன்னால் போதும். அது தொடக்கம் மட்டுமே. அதற்கு அடுத்த நிலையான வெண்கலச் சின்னம் பெற்ற பிள்ளையைத்தான் பாதுகாப்பாக நீந்தத் தெரிந்தவர் என்று ஜெர்மன் உயிர்காப்புச் சங்கமான டி.எல்.ஆர்.ஜி. கருதுகிறது. அதற்கு 15 நிமிடம் நீந்த வேண்டும், அதில் 200 மீட்டராவது கடக்க வேண்டும். அச்சங்கத்துக்காக 2022இல் நடந்த கருத்துக்கணிப்பில், 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளில் 20 சதவீதத்தினருக்கு நீந்தவே தெரியாது என்று பெற்றோரே சொன்னார்கள். 2017இல் அது 10 சதவீதம்.

நீந்தத் தெரியாதோர் குளம் என்ற பெயரை நம்புவதும் ஆபத்து. அங்கே ஆழம் 1.35 மீட்டர் வரை இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 1.20 மீட்டர்தான், கால் ஊன்றி நின்றாலும் தலை மூழ்கிவிடும்.

உயிர்காப்பாளர் இருக்கிறார் என்று கைபேசியில் மூழ்கிவிடாதீர்கள். அவர் குளம் முழுவதையும் கவனிக்கிறார். உங்கள் பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பு டிக்கெட்டோடு அவர் கைக்கு மாறிவிடுவதில்லை. பன்னிரண்டு வயது அக்காவை நம்பித் தம்பியை விடுவதும் வேண்டாம், அவளும் குழந்தைதான். காற்றடைத்த கைப்பட்டை கழன்றுபோகும், காற்றும் இறங்கும். நீந்தத் தெரியாத பிள்ளையோடு நீங்களும் தண்ணீரில் இறங்குங்கள், கைக்கெட்டும் தூரத்திலேயே நில்லுங்கள்.

நீச்சல் வகுப்புகளில் இடம் கிடைக்கப் பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு நான்கு வயதாகும்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள். கடற்குதிரையோடு நிறுத்திவிடாமல் வெண்கல வகுப்புக்கும் அப்போதே இடம் கேட்டு வையுங்கள்.