முதல் ஷாட்கன்: முதலில் கண், அப்புறம் கட்டை, கடைசியில்தான் பிராண்ட்

ஷாட்கன் (சின்னச் சின்ன ஈயக்குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி) வாங்கப் போகிறேன் என்றதும் என் மாமியார் கேட்டது: "ஏன் மாப்பிள்ளை, காக்கா சுடவா?" கேள்வியில் தப்பில்லை. ஒரு காலத்தில் இங்கே சிங்கப்பூரில் காக்கைத் தொல்லையைக் குறைக்கத் துப்பாக்கிச் சங்க உறுப்பினர்கள் ஷாட்கன்னோடு போனதுண்டு. நான் சுடுவது கிளே, வானில் வீசப்படும் இலக்கு. பெயர்தான் களிமண், சுண்ணாம்புத் தூளும் பிசினும் கலந்து அச்சில் வார்த்த 11 சென்டிமீட்டர் தட்டு அது.

உரிமம் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, பழைய சுவா சூ காங் சாலையில் உள்ள சங்கத்தில் கேளுங்கள். துப்பாக்கியை வீட்டு அலமாரியில் வைக்கிற ஊர் இதில்லை. உரிமமில்லாமல் வைத்திருந்தால் சிறையோடு பிரம்படியும் உண்டு. பாதுகாப்பு விதிகளையும் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. கண்

நான் ஒரு வருடம் கோட்டைவிட்டது இதில்தான். தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ரைஃபிள் பிடித்து மார்க்ஸ்மேன் பேட்ஜ் வாங்கியவன் என்ற திமிர் வேறு. ரைஃபிளில் ஒரு கண்ணை மூடி, மூச்சடக்கி, விசையை மெல்ல அழுத்துவோம். ஷாட்கன்னில் இதெல்லாம் தலைகீழ். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும், பார்வை தட்டின் மேலேயே இருக்க வேண்டும். விரலால் ஒருவரைச் சுட்டிக்காட்டும்போது விரலையா பார்க்கிறோம்? குழலும் அப்படித்தான், தானாகப் பின்னால் வர வேண்டும். ஷாட்கன்னில் பின் குறி கிடையாது. உங்கள் கண்தான் பின் குறி.

என் விஷயத்தில் ஒரு விசித்திரம். வலமிருந்து இடம் போகும் தட்டுகள் எப்படியோ உடைந்துவிடும். இடமிருந்து வலம் போகிறவை சிரித்துக்கொண்டே போய்ப் புல்லில் விழும். தோட்டாவை மாற்றினேன், சோக்கை (குண்டுகள் அதிகம் சிதறாமல் குழல் முனையைக் குறுக்கும் பாகம்) மாற்றினேன், ஒரு முறை மூக்குக் கண்ணாடியையே மாற்றினேன். கடைசியில் ஒரு வயதான பயிற்றுநர் என் முகத்துக்கு நேரே நின்று பார்த்துவிட்டு, "தம்பி, நீ வலது தோளில் வைத்து இடது கண்ணால் சுடுகிறாய்" என்றார்.

கைக்கு வலது இடது இருப்பதுபோல் கண்ணுக்கும் உண்டு. மாஸ்டர் ஐ என்பார்கள், நான் மூத்த கண் என்பேன். வலது தோளில் துப்பாக்கி இருந்து இடது கண் மூத்ததாக இருந்தால் குழல் இடப்பக்கம் தள்ளிப்போகும். இடப்பக்கம் பறக்கும் தட்டுக்கு அது முன்னாலேயே போய் நின்றுகொள்கிறது. வலப்பக்கம் பறக்கும் தட்டுக்குப் பின்னால் விழுகிறது. என் புதிருக்கு விடை அவ்வளவுதான்.

இதைக் காசில்லாமல் சோதிக்கலாம். வீட்டுக் காரிடாரில் நின்று எதிர் புளோக்கின் எண்ணைப் பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி அந்த எண்ணை அதற்குள் பிடியுங்கள். எண்ணை விடாமல் கைகளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். எந்தக் கண்ணிடம் கைகள் வந்து நிற்கின்றனவோ அதுதான் மூத்தது. மூன்று முறை செய்யுங்கள்.

கையும் கண்ணும் ஒரே பக்கம் என்றால் பிரச்சினை இல்லை. மாறியிருந்தால் மூத்த கண் இருக்கும் பக்கத்துத் தோளுக்கு மாறுவதே நல்லது, ஆரம்பத்திலேயே என்றால் மிக நல்லது. நான் மாறவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே வலது கைக்காரருக்கான கட்டை (தோளில் அணைக்கும் பின்பகுதி) வைத்த துப்பாக்கி வாங்கிவிட்டேன். கண்ணாடியின் இடது லென்ஸில், குழல் மேலுள்ள குறி மணி தெரிகிற இடத்தில் ஐம்பது காசு அளவுக்கு மங்கலான டேப் ஒட்டிச் சுடுகிறேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் தட்டு உடைகிறது.

2. கட்டை

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது, கண்ணை மூடித் தோளில் வையுங்கள். கன்னம் கட்டையில் படட்டும். இப்போது கண்ணைத் திறங்கள். குழலின் மேல் பட்டையில் இரண்டு மணி இருந்தால் அவை 8 என்ற எண்போல ஒன்றன்மேல் ஒன்று தெரிய வேண்டும். பட்டையே தெரியவில்லை என்றால் கட்டை தாழ்வு. பட்டை நீண்ட சாலைபோலத் தெரிந்தால் உயரம் அதிகம்.

நீளத்துக்கு, பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். முழங்கையை மடக்கி அளக்கும் பழைய முறையை நான் நம்புவதில்லை.

இதில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று: நாம் இங்கே டி-ஷர்ட்டில் சுடுகிறோம். இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான் ஃபெசன்ட் என்ற வேட்டைப் பறவையைச் சுடக் கூப்பிட்டபோது (அங்கே பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை) இங்கே கச்சிதமாக இருந்த அதே நீளம், குளிர் கோட்டுக்கு மேல் அக்குளில் சிக்கிக்கொண்டது. முதல் மூன்று பறவைகளும் தலைக்கு மேல் போய்விட்டன.

3. தட்டா, பறவையா?

தட்டுக்கு ஒரு சுற்றே 25. காலையில் நான்கு சுற்று சுட்டால் நூறு தோட்டா, நூறு உதை. கனமான துப்பாக்கி உதையை வாங்கிக்கொள்ளும்: மூன்றரை கிலோவும் அதற்கு மேலும், 30 அங்குலக் குழல். பறவைக்கு நாள் முழுக்கச் சேற்றில் தூக்கி நடந்து கொஞ்சமாகத்தான் சுடுவோம், அதனால் மூன்று கிலோவை ஒட்டி, 28 அங்குலம். இரண்டுக்கும் ஒன்றுதான் வேண்டும் என்றால் 30 அங்குல ஸ்போர்ட்டர் (பல கோணங்களில் பறக்கும் தட்டுகளுக்கான பொதுவகை) வாங்குங்கள். ட்ராப் துப்பாக்கி வேண்டாம்; மேலேறும் தட்டுக்காகக் கொஞ்சம் உயரவே சுடும்படி செய்தது அது.

பறவைக்குச் செய்த துப்பாக்கிகளில், திறந்து மூடினாலே பாதுகாப்புப் பூட்டு தானாக விழும். தட்டுக் களத்தில் அது தொல்லை. விசை அசையாது, தட்டு போய்விடும்.

4. துளையும் சோக்கும்

12 போர். யோசிக்க வேண்டாம். (ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டை செய்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் துளை. எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்.) தோள் வலித்தால் 20 போருக்கு ஓடாமல் 24 கிராம் குண்டு நிரப்பிய தோட்டாவுக்கு மாறுங்கள், ஒலிம்பிக்கில் சுடுவதும் அதே 24 கிராம்தான். சோக் கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். ஒரு குழலில் கால் சோக், இன்னொன்றில் அரை சோக் மாட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

5. பிராண்ட்

மேல்கீழ் இரட்டைக்குழல்தான் என் கட்சி. திறந்தால் காலியா இல்லையா என்று எல்லோருக்கும் தெரியும். மிரோக்கு என் விருப்பம். ஜப்பானில் கோச்சியில் செய்கிறார்கள், பிரௌனிங் பெயரில் வரும் பலவும் அங்கே செய்தவையே. பெரெட்டா பிடித்தால் அதையே வாங்குங்கள், சண்டையில்லை. பூவேலை செதுக்கிய தகட்டுக்குக் கொடுக்கிற காசில் உயரம் மாற்றக்கூடிய கட்டை கிடைக்கும்.

சேர்த்தது: மல்டிஃபோக்கல் கண்ணாடி போடும் ஒரு வாசகி, மணி இரண்டாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். தலையைக் கட்டையில் சாய்க்கும்போது லென்ஸின் வேறு பகுதி வழியாகப் பார்க்கிறோம். தூரப்பார்வை மட்டும் உள்ள தனிக் கண்ணாடி செய்துகொண்டார், சரியாகிவிட்டதாம்.

மீண்டும் சேர்த்தது: துரு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நம் ஊர் ஈரத்தில் வியர்வை விரல்ரேகை குழலில் செம்பழுப்பாகப் பதிய அதிக நேரம் ஆகாது. சுட்டு முடித்ததும், கோப்பிக்குப் போவதற்கு முன், எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துத் துப்பாக்கிக் கிடங்கில் கொடுங்கள்.