ஸ்டார்ட்அப் மென்டராக வேலைக்கு வர ஆசையா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

புதிய டெக் நிறுவனங்களுக்கு வழிகாட்டுவதையே முழுநேர வேலையாகச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. முடியும். ஆனால் கேட்பவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது மைக் பிடித்து மேடையில் ஊக்கம் தரும் வேலை. அது வேறு தொழில், அதற்கு எனக்கு வழி தெரியாது. நான் சொல்வது, வாரா வாரம் ஒரு குழுவோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, கணக்கைப் பிரித்துப் பார்த்து, போன வாரம் செய்கிறேன் என்று சொன்னதைச் செய்தார்களா என்று விடாமல் துரத்தும் வேலை. கைதட்டல் கிடைக்காது.

உள்ளே வர மூன்று வாசல் இருக்கிறது. கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ தொழில்முனைவுப் பாடம் நடத்துவது ஒன்று. இன்குபேட்டரிலோ (புது நிறுவனங்களுக்கு இடமும் உதவியும் தந்து வளர்க்கும் அமைப்பு) ஆக்ஸிலரேட்டரிலோ (அவற்றைச் சில மாதத்தில் வேகமாகத் தயார்செய்யும் பயிற்சித் திட்டம்) புரோகிராம் மேனேஜராகச் சேர்வது இன்னொன்று. இதில் மாதச் சம்பளம் வரும், ஆனால் பாதி நாள் விண்ணப்பங்களை வடிகட்டுவதிலும், மென்டர்களுக்கு நேரம் ஒதுக்குவதிலும், நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை எழுதுவதிலும் போய்விடும். மூன்றாவது, தனி மென்டராக இருப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் உலகம் முழுவதும் மென்டர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல்தான் செய்கிறார்கள். எம்ஐடி பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய வென்ச்சர் மென்டரிங் சர்வீஸ் இன்றுவரை தன்னார்வலர்களை வைத்துத்தான் நடக்கிறது. ஆகவே மூன்றாவது வாசலை மட்டும் நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது வாசல்தான் நல்லது. இரண்டு வருடம் அங்கே இருந்தால் முப்பது நாற்பது குழுக்களை அருகருகே பார்க்கலாம், ஒரே தப்பு எத்தனை வேஷத்தில் வருகிறது என்பது பிடிபட்டுவிடும்.

சொந்தமாக நிறுவனம் நடத்தியிருக்க வேண்டுமா? நடத்தியிருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போடப் பணம் இருக்குமா என்று கணக்குப் பார்த்த அனுபவமோ, முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் ஒரு பொருளை விற்ற அனுபவமோ, இரண்டில் ஒன்றாவது வேண்டும். இரண்டும் இல்லை என்றால் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் சேர்ந்து ஆறு மாதம் விற்பனை வேலை பாருங்கள். கோடிங் பக்கம் வேண்டாம், அதில் இந்த இரண்டும் கிடைக்காது. நிறுவனம் நடத்தி ஜெயித்தவர்களிடம் வேறு ஒரு தொல்லை உண்டு, தங்களுக்கு நடந்ததையே எல்லோருக்கும் மருந்தாக எழுதிக் கொடுப்பார்கள்.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் வேலை எதிர்பார்ப்பது என்ன என்று புரியும். 1947இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் மைல்ஸ் மேஸ் புதிய நிறுவனங்களை நடத்துவது பற்றி ஒரு பாடம் தொடங்கினார், போரிலிருந்து திரும்பிய மாணவர்கள் அதில் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் இந்தப் படிப்பு உலகம் முழுக்கப் பரவியபோது, பல வகுப்பறைகளில் அது முப்பது நாற்பது பக்க பிசினஸ் பிளான் எழுதும் பயிற்சியாகவே இருந்தது. அதைப் புரட்டிப் போட்டவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் பிளாங்க். எட்டு ஸ்டார்ட்அப்களில் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவர், 2011இல் ஸ்டான்ஃபோர்டில் லீன் லாஞ்ச்பேட் என்ற வகுப்பை ஆரம்பித்தார். எழுதுவதை நிறுத்துங்கள், கட்டடத்தை விட்டு வெளியே போய் வாடிக்கையாளரிடம் பேசுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அந்த முறையை எடுத்து ஐ-கோர் என்ற பயிற்சியாக்கியது, அதில் ஆராய்ச்சியாளர் குழுக்கள் ஏழு வாரத்தில் நூறு பேட்டி எடுக்க வேண்டும். இன்னொரு பக்கம் 2005இல் ஒய் காம்பினேட்டர், 2006இல் டெக்ஸ்டார்ஸ் என்று ஆக்ஸிலரேட்டர்கள் வந்தன. மூன்று மாதம், ஒரே பேட்ச்சில் பல குழுக்கள், கடைசியில் முதலீட்டாளர்கள் முன் செய்ததைக் காட்டும் டெமோ டே என்ற வடிவத்தை உலகம் அவர்களிடமிருந்துதான் காப்பி அடித்தது.

எனவே வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, வாடிக்கையாளர் பேட்டியை எப்படிக் கற்றுக் கொடுப்பீர்கள் என்ற கேள்வி வந்தே தீரும். வாயால் பதில் சொல்பவர்களைவிட, தானே எடுத்த இருபது பேட்டியின் குறிப்புகளைக் காட்டுபவருக்குத்தான் வேலை கிடைக்கும்.

ஒரு உட்காரல், அதாவது குழுவோடு ஒரு வாரச் சந்திப்பு, எப்படி நடக்கும் என்று காட்டுகிறேன். பெயரும் விவரமும் மாற்றியிருக்கிறேன், பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. சின்னத் தொழிற்கூடங்களில் மெஷின் பழுதாவதை முன்கூட்டியே சொல்லும் ஆப், இரண்டு நிறுவனர்கள்.

"சார், முப்பது பேர்கிட்ட பேசிட்டோம். எல்லாரும் சூப்பர் ஐடியான்னு சொன்னாங்க."

"நல்லது. கடைசியா மெஷின் எப்போ நின்னுச்சுன்னு யாரையாவது கேட்டீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒருத்தர் மட்டும் சொன்னார் சார். ரெண்டு வாரம் முன்னாடி நின்னுச்சாம்."

"நின்னதும் என்ன செஞ்சாராம்?"

"மெக்கானிக்குகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கார். அதுல போட்டோ போட்டாராம், ஒரு மணி நேரத்துல ஆள் வந்துட்டாங்களாம்."

அப்புறம் நான் ஒன்றும் பேசவில்லை. அரை நிமிடம் கழித்து இளையவரே சொன்னார், "அப்போ நாம போட்டி போடுறது அந்த குரூப்போடவா சார்?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்து "ஆமாம், ஆகவே இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அவராகக் கண்டுபிடித்ததை அவர் மறக்க மாட்டார், நான் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் வேறொரு மென்டர் வேறொன்று சொன்னதும் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பார். கவனிக்க வேண்டிய இன்னொன்று, கேள்விகள் எல்லாம் நடந்து முடிந்ததைப் பற்றியவை. "இது இருந்தால் வாங்குவீர்களா" என்று கேட்டால் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. கடைசியாக எப்போது, அப்போது என்ன செய்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் பொய் சொல்வது கஷ்டம்.

சரி, நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு உட்காரல் முடிந்ததும், அவர்கள் எதிரிலேயே மூன்று வரி எழுதுங்கள்: யார், என்ன செய்வார், எந்தத் தேதிக்குள். "மார்க்கெட் ரிசர்ச் செய்வோம்" என்று எழுத விடாதீர்கள். "பட்டியலில் இருக்கும் பத்துக் கூடங்களின் உரிமையாளர்களிடம் புதன்கிழமைக்குள் போன வருடம் மெஷின் நின்ற நாட்களைக் கேட்டு எழுதி வருவது, மூத்தவர்" என்று இருக்க வேண்டும். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்துதான் பேச்சே ஆரம்பிக்க வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து எதுவுமே செய்யாத குழுவுக்கு ஐடியா பிரச்சினை இல்லை, பெரும்பாலும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனர்களுக்குள் ஏதோ சரியில்லை, அல்லது ஒருவர் மனசுக்குள் ஏற்கெனவே விலகிவிட்டார். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இந்த நோட்டு இல்லாத காலத்தில் நான் செய்த கூத்து ஒன்று. சின்ன கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் செய்த ஒரு குழுவிடம், கிளினிக் எல்லாம் எதற்கு, பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், எனக்கு ஒருவரைத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். போனார்கள். ஒப்புதலுக்கு மேல் ஒப்புதலாக நான்கு மாதம் அலைந்தார்கள், அதற்குள் அவர்கள் கையில் இருந்த ஏழு கிளினிக்குகளில் நான்கு கைவிட்டுப் போயின. அவர்கள் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதைத் தவிர அந்த ஆலோசனைக்கு எந்த ஆதாரமும் இருந்ததில்லை.

கேள்வி மட்டும் போதாது, சில இடங்களில் பதில் தெரிந்தே ஆக வேண்டும். பங்குக் கணக்கு அதில் முதலாவது, ஏனென்றால் இங்கே நடக்கும் தப்பைத் திருத்த முடியாது. கேப் டேபிள், அதாவது யாருக்கு எத்தனை சதவீதம் பங்கு என்ற அட்டவணை, போடத் தெரியாமல் மென்டர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. ஒரு உதாரணம். இரண்டு நிறுவனர்கள், ஆளுக்குப் பாதி. ஒய் காம்பினேட்டர் 2013இல் கொண்டுவந்து 2018இல் மாற்றியமைத்த சேஃப் என்ற ஒப்பந்தத்தில் (இப்போது பணம் வாங்கிக்கொண்டு பிறகு பங்கு தருவது), அதிலும் உச்சவரம்பு மதிப்பில் இந்தப் பணமும் சேர்ந்தே கணக்காகும் போஸ்ட்-மணி வகையில், மூன்று பேரிடம் பணம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணத்தை உச்சவரம்பு மதிப்பால், அதாவது நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வைத்த அதிகபட்ச மதிப்பால், வகுத்தால் முதலீட்டாளரின் பங்கு வந்துவிடும், மதிப்பு 50, போட்டது 5 என்றால் 10 சதவீதம். மூவருக்கும் முறையே 10, 7, 8 சதவீதம் என்றால் மொத்தம் 25 போய்விட்டது. ஒவ்வொன்றையும் தனியாகக் கையெழுத்துப் போடும்போது சின்னதாகத்தான் தெரியும். அடுத்து பங்குக்கு விலை நிர்ணயித்துப் பணம் திரட்டும் சுற்று வருகிறது, புது முதலீட்டாளருக்கு 20, ஊழியர்களுக்கு ஒதுக்க 10. மீதி 70 சதவீதத்தில்தான் பழைய ஆட்கள் எல்லோரும் இருக்க வேண்டும், நிறுவனர்களிடம் மீதமிருந்த 75ஐ 0.7ஆல் பெருக்கினால் 52.5. ஆளுக்கு 26.25 சதவீதம். இதைப் பலகையில் எழுதிக் காட்டியதும் அறை அமைதியாகிவிடும். கூடவே வெஸ்டிங்கையும், அதாவது பங்கு ஒரேயடியாக இல்லாமல் காலப்போக்கில் சொந்தமாவதையும், சொல்லுங்கள், வழக்கமாக நான்கு வருடம், முதல் ஒரு வருடம் க்ளிஃப், அதாவது பத்தாவது மாதத்தில் விலகுகிறவர் ஒரு பங்கும் எடுத்துப் போக முடியாது. நண்பர்களாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும், சண்டை வந்தபின் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

சட்டம், வரி இரண்டிலும் உங்கள் எல்லையைச் சொல்லிவிட்டு வக்கீலிடமும் கணக்காளரிடமும் அனுப்புங்கள்.

வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒன்று. மதிப்பெண்ணை பிட்ச்சுக்கு, அதாவது ஐடியாவை மேடையில் விற்கிற பேச்சுக்கு, கொடுக்காதீர்கள். கொடுத்தால் நன்றாகப் பேசுகிறவர்தான் ஜெயிப்பார், வகுப்பு முழுவதும் ஸ்லைடு அலங்கரிக்கப் போய்விடும். எத்தனை பேரைச் சந்தித்தார்கள், அதனால் தங்கள் எண்ணத்தில் எதை மாற்றிக்கொண்டார்கள் என்பதற்கு மதிப்பெண் கொடுங்கள். "எங்கள் ஐடியா தப்பு, இந்த ஆதாரத்தால் கைவிடுகிறோம்" என்று வந்த குழுவுக்கு முழு மதிப்பெண் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள், அடுத்த வாரமே வகுப்பின் சத்தம் மாறியிருக்கும். நிர்வாகத்தில் ஒருவர் வந்து எத்தனை நிறுவனம் பதிவாயிற்று என்று கேட்பார், அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

தனி மென்டர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் பங்கு தருகிறோம் என்பார்கள். ஃபவுண்டர் இன்ஸ்டிட்யூட் என்ற ஸ்டார்ட்அப் பயிற்சி அமைப்பு 2011இல் வெளியிட்ட ஃபாஸ்ட் என்ற மாதிரி ஒப்பந்தம் இதற்கு உதவும். ஆலோசகர் பங்கு பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள், இரண்டு வருடத்தில் வெஸ்ட் ஆகும். அதற்கு மேல் கேட்கிற மென்டரிடமிருந்து குழுவைக் காப்பாற்றுங்கள், அந்த மென்டர் நீங்களாக இருந்தாலும். ஒரே சந்தையில் இரண்டு குழுக்களை வைத்துக்கொண்டு இருவரின் எண்களும் தெரிந்தவராக உட்காராதீர்கள். தெரியாமல் மாட்டிக்கொண்டால் அன்றைக்கே இருவரிடமும் சொல்லிவிட்டு ஒன்றிலிருந்து விலகுங்கள்.

டெக்ஸ்டார்ஸ் போன்ற இடங்களில் முதல் சில வாரங்களில் ஒரு குழு பல டஜன் மென்டர்களைச் சந்திக்கும். ஒருவர் வலது என்பார், ஒருவர் இடது என்பார். மென்டர் விப்லாஷ் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உங்களிடம் வரும்போது குழம்பிப்போய்த்தான் வருவார்கள். அவர்கள் கேட்ட ஆலோசனைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நேரே "இது சரியா என்று ஒரு வாரத்தில் எப்படித் தெரிந்துகொள்வது" என்று நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப முடியாதவற்றை அடித்துவிடலாம், உங்களுடையதும் அதில் இருந்தால் அதையும் சேர்த்து.

முதல் வேலை எப்படிக் கிடைக்கும்? பக்கத்தில் உள்ள ஏதாவது இன்குபேட்டரில் விண்ணப்பங்களைப் படித்துத் தர ஆள் தேவைப்படும், யாரும் விரும்பாத வேலை அது, கேட்டால் உடனே தருவார்கள். நூறு விண்ணப்பம் படித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி காரணம் எழுதிக் கொடுங்கள். அப்புறம் ஒரே ஒரு குழுவை மூன்று மாதம் கூடவே இருந்து பாருங்கள். முடிந்ததும் இரண்டு பக்கத்தில், வந்தபோது எங்கே இருந்தார்கள், எந்த வாரம் எது மாறியது, நீங்கள் எங்கே தப்பு செய்தீர்கள் என்று எழுதுங்கள், குழுவின் அனுமதியோடு. அடுத்த இன்டர்வியூவுக்குச் சான்றிதழ்களோடு அந்த இரண்டு பக்கத்தையும் கொண்டுபோங்கள். அந்த நிறுவனரின் போன் நம்பரையும் அவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள், கூப்பிட்டு விசாரிப்பார்கள்.