‘இவ்வளவுதானா வந்தது?’ குறைமாதக் குழந்தைக்குப் பால் எடுப்பதில் நடக்கும் தவறுகள்

குழந்தை முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டது. அது இன்குபேட்டரில், அம்மா வார்டில். பம்ப் வைத்து கால் மணி நேரம் எடுத்தும் புட்டியின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் பிசுபிசுப்பு மட்டும்தான். “இதைப் போய் எப்படிக் கொடுப்பது?” என்று கூச்சப்பட்டுக் கழுவி ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

அந்தப் பிசுபிசுப்புதான் சீம்பால். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் அதிகமாக இறங்குவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். முந்திப் பிறந்த குழந்தைக்கு அந்தப் பங்கு முழுதாகக் கிடைத்திருக்காது. குடலும் இன்னும் முதிர்ந்திருக்காது. சீம்பாலில் உள்ள ஐ.ஜி.ஏ என்ற புரதம் குடலின் உட்சுவரில் கிருமிகள் ஒட்டாமல் காவல் நிற்கிறது. லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதம் கிருமிகளுக்கு வேண்டிய இரும்பைத் தான் பிடித்துக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுகிறது. கூடவே உயிருள்ள வெள்ளை அணுக்கள், குடல் சுவர் வளர உதவும் பொருட்கள். நிறைமாதத் தாயின் பாலைவிட, குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் ஆரம்ப வாரங்களில் புரதமும் எதிர்ப்புப் பொருட்களும் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும்.

அதனால்தான் குடிக்கத் தெரியாத குழந்தைக்கும் சீம்பாலில் 0.1 மி.லி. அளவு எடுத்துக் கன்னத்தின் உட்புறம் தடவிவிடுகிறார்கள். குடல் திசு வீங்கி அழுகிப்போகும் என்.இ.சி என்ற கொடிய நோய், பவுடர் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. முதல் ஓரிரு நாள் பம்பை விடக் கையால் பீய்ச்சி, சொட்டுச் சொட்டாகச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுப்பது நல்லது. பம்பின் குழாயிலும் புட்டியிலும் ஒட்டிப் போவது மிச்சமாகும்.

“பால் ஊறட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்று காத்திருப்பது இன்னொரு தவறு. எடுத்தால்தான் ஊறும். பிரசவமான முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்பதால் இரவில் ஒரு முறை கட்டாயம். தூக்கம் கெடும், வேறு வழியில்லை.

சரி, பால் நன்றாக வருகிறது. இப்போது நேர் எதிரான தவறு ஒன்று வரும். தாய்ப்பாலில் கலக்க டாக்டர் ஒரு சத்துப் பவுடர் சொன்னால், “என் பாலே போதாதா?” என்று மனசு கஷ்டப்படும். கணக்கைப் பாருங்கள். சில வாரம் போனதும் 100 மி.லி. பாலில் புரதம் ஏறக்குறைய 1 கிராம்தான் இருக்கும். குழந்தை தன் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 160 மி.லி. குடித்தாலும் கிடைப்பது ஒன்றரை கிராம் சொச்சம். மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்குத் தேவையோ மூன்றரை முதல் நாலு கிராம். எலும்புக்கான கால்சியம், பாஸ்பரஸ் கதையும் இதேதான். கருப்பையில் கடைசி மாதங்களில் சேர வேண்டியது சேராமல் போயிருக்கிறது. அந்தப் பவுடர் தாய்ப்பாலுக்கு மாற்று இல்லை, அதில் கலக்கும் கூடுதல் சத்து. அளவை மட்டும் நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். பால் கெட்டியானால் பிஞ்சுக் குடல் தாங்காது.

பலர் கவனிக்காத ஒன்று கொழுப்பு. தாய்ப்பாலின் கலோரியில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. பாலை வைத்திருந்தால் கொழுப்பு மேலே மிதந்து பாத்திரத்தின் ஓரத்தில் படியும், குழந்தைக்குப் பால் செலுத்தும் டியூபிலும் ஒட்டும். அப்படியே ஊற்றினால் குழந்தைக்குப் போவது தண்ணியான பகுதிதான். கொடுக்கும் முன் புட்டியை மெல்லச் சுழற்றிக் கலக்குங்கள். பால் எடுக்கும்போது முதலில் வருவதோடு நிறுத்திவிடாதீர்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் கொழுப்பு கூடுதலான பால் வரும். மைக்ரோவேவில் சூடாக்குவது வேண்டவே வேண்டாம். உறைய வைத்தால் வெள்ளை அணுக்கள் செத்துப்போகும் என்பதால், புதிதாக எடுத்தது இருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

“தாய்ப்பால் வங்கியில் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?” என்று நினைப்பதும் சரியில்லை. வங்கிப் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கித்தான் தருகிறார்கள். பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால் அந்தச் சூட்டில் வெள்ளை அணுக்களும், கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியும் அழிந்துவிடும், ஐ.ஜி.ஏ, லாக்டோஃபெரின் குறையும். நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும் சர்க்கரைகள் மட்டும் பெரிதாகக் கெடுவதில்லை. அம்மாவின் பால் போதாத நாட்களில் பவுடர் பாலைவிட அது மேல், அவ்வளவுதான். தெரிந்தவரிடம் பச்சையாக வாங்கிக் கொடுப்பது ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது ஒன்று உண்டு. குழந்தைதான் நன்றாகப் பால் குடிக்கிறதே என்று இரும்பு, வைட்டமின் டி சொட்டு மருந்தை நிறுத்திவிடுவார்கள். இரும்புச் சேமிப்பும் கடைசி மூன்று மாதத்தில்தான் நிரம்புகிறது. தாய்ப்பாலில் இரண்டுமே குறைவு. எப்போது நிறுத்தலாம் என்பதை எடையையும் தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.